டாக்டர் சொன்ன ‘வாஸ்’

ஷி வாஸ் அ ஸ்ட்ராங் லேடி, என்றுதான் சொன்னார். வாஸ். என் காதில் கோளாறு இல்லை. காலையில் ஐசியூ கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அந்த இளம் டாக்டர் வெளியே வந்தபோது நான்தான் முதலில் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். சுகுணா எப்படி இருக்கா டாக்டர், நான் அவ ஹஸ்பெண்ட், என்றேன். அவர் நிற்கவில்லை. தாடியைச் சொறிந்தபடி, இன்னொரு கையில் இருந்த போனைப் பார்த்தபடி, நடந்துகொண்டே சொன்னார்: வி ஆர் டூயிங் எவ்ரிதிங் சார், ஷி வாஸ் அ ஸ்ட்ராங் லேடி, லெட் அஸ் சீ. லிஃப்ட் திறந்தது, ஏறிக்கொண்டார், மூடிக்கொண்டது. முதலில் சொன்னது நிகழ்காலம், நடந்துகொண்டே இருப்பது, அதில் சுகுணா உயிரோடு இருக்கிறாள், ஏனென்றால் போய்விட்டவளுக்கு யாரும் எதுவும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். கடைசியில் சொன்னது பார்ப்போம் என்பது, இனிமேல் ஆகப்போவது, அதிலும் அவளுக்கு இடம் இருக்கிறது. நடுவில் சொன்னது இறந்தகாலம், அதில் மட்டும் அவள் இல்லை. முன்னாலும் பின்னாலும் இருக்கிறவள் நடுவில் மட்டும் எப்படி இல்லாமல் போவாள்? இந்த நாற்காலி இரும்பு, ஏசி நேராகப் பிடரியில் அடிக்கிறது, எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, அதில் ஒரு அம்மா வெங்காயம் வதக்குகிறாள், சிரித்துச் சிரித்து ஏதோ சொல்கிறாள். பக்கத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கழுத்தில் தொங்குகிற பாஸை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நோயாளி பெயர், சுகுணா தணிகைவேல். உறவு, கணவர். அதில் வினைச்சொல்லே இல்லை. நிம்மதியான அட்டை.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான், காலம் பார்ப்பது. பெருங்குடியில் எங்கள் ஆபீஸ். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற டாக்டர்கள், துருக்கியில், கொரியாவில், பிரேசிலில் இருக்கிறவர்கள், தாங்கள் பார்த்த வியாதிகளைப் பற்றி இங்கிலீஷில் எழுதி அனுப்புவார்கள், பத்திரிகையில் அச்சாவதற்கு முன்னால் அதில் இருக்கிற பிழைகளை நாங்கள் திருத்துவோம். பதினெட்டு வருஷமாகத் திருத்துகிறேன். ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால் எப்போதும் வாஸ்தான். நோயாளி நாற்பத்தோரு வயதுப் பெண்மணியாக இருந்தார், என்றுதான் முதல் வரி. பிழைத்து, நடந்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போனவரும் வாஸ். அதுதான் அந்த எழுத்தின் வழக்கம், அதற்கும் உயிருக்கும் சம்பந்தமில்லை. இளம் டாக்டர் இப்போதுதான் படித்து முடித்திருப்பார், படித்த வழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இதை நினைத்ததும் கால்வரைக்கும் ஒரு சூடு இறங்கியது, எழுந்து தண்ணீர் குடித்தேன். காகிதக் கப் நனைந்து கையில் மடங்கியது. அப்புறம்தான் இன்னொன்று வந்தது, வராமல் இருந்திருக்கலாம். அது எழுத்து. எழுதும்போது எல்லாம் முடிந்திருக்கும், நோயாளி எந்தப் பக்கம் போனார் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் எழுத உட்காருகிறார். இவர் எழுதவில்லை, லிஃப்டுக்குப் போகிற வழியில் சொன்னார். கடைசிப் பத்தியில் பேஷண்ட் எக்ஸ்பயர்ட் என்று வரும், அதை நான் டைடு, இறந்தார், என்று மாற்றுவேன், காலாவதியாவது மாத்திரையும் பால் பாக்கெட்டும்தான், மனிதர் சாகிறார், அப்படியே எழுதுங்கள் என்பது எங்கள் விதி. எத்தனை தடவை மாற்றியிருப்பேன். விரல் தானாகப் போகும், மாற்றும், அடுத்த வரிக்கு வரும், மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று மனசு வேறெங்கோ இருக்கும்.

சுகுணாவிடம் கேட்டால் சிரிப்பாள். ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா, என்பாள். அவள் இங்கிலீஷ் வேறு. அசோக் நகரில் டிராவல் ஏஜென்சியில் இருக்கிறாள், நாள் முழுக்க போன்தான். சார், யூ ஒன்லி டோல்ட் நோ சார், விண்டோ சீட் ஒன்லி ஐ புட் ஃபார் யூ, டோன்ட் டென்ஷன் சார், ஐ இஸ் தேர். ஐ இஸ் தேர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவள் அப்படிச் சொன்னபோது நான் கையால் சைகை காட்டி, இஸ் இல்லை, ஐ ஆம், என்று வாயசைத்தேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஏங்க, ஐ ஆம்னு சொன்னா ஃபிளைட் சீக்கிரம் கெளம்புமா, என்றாள். அந்த மனுஷருக்கு டிக்கெட் கிடைத்தது, மகள் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார், ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். நான் இங்கிலீஷில் பேச வாயைத் திறந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும், உள்ளே ஒருவன் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பான், எதிரில் இருப்பவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அவள் பேசினால் பேச்சு ஓடும். ஒரு தடவை அவள் ஒரு கஸ்டமருக்கு எழுதிய மெசேஜை நான் சரிசெய்து கொடுத்தேன், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து. அனுப்பிய பத்து நிமிஷத்தில் அவர் போன் பண்ணி, என்ன மேடம், நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா, இவ்ளோ ஸ்ட்ரிக்ட்டா எழுதியிருக்கீங்களே, என்று கேட்டாராம். அன்றிலிருந்து என்னிடம் காட்டுவதில்லை. கரெக்ட்டா எழுதினா கோவமா இருக்கேன்னு நெனைச்சுக்கறாங்க, என்றாள். நான் விடவில்லை. எதிரில் முகம் இல்லாதபோது இலக்கண விதி மட்டும்தான் கை கொடுக்கும், இன்னொரு தேசத்தில் இருக்கிறவன் உன் மூஞ்சியையா பார்த்துப் புரிந்துகொள்வான், என்றேன். அவள் என் சட்டையை உதறி மடித்தபடி சொன்னாள்: அது எழுதறவங்களுக்குங்க. பேசறவங்களுக்கு மூஞ்சி இருக்கு, கை இருக்கு, குரல் இருக்கு. புரிஞ்சா போதும். அந்தப் பேச்சு அப்படியே நின்றது, யாரும் ஜெயிக்கவில்லை, காபி போட எழுந்து போனாள். சரி சுகுணா, இன்றைக்கு நீயே ஜெயித்துக்கொள். உன் பக்கத்துக்கே வந்துவிடுகிறேன். பேச்சில் காலமாவது இடமாவது, வாஸ் என்றாலும் இஸ் என்றாலும் ஒன்றுதான், அந்தப் பையன் எதையோ சொல்ல வந்து எதையோ சொன்னான். ஆனால் டாக்டரின் முகம் போனில் அல்லவா இருந்தது. கை போனில் இருந்தது. குரல், எந்தக் குரலில் சொன்னார், எனக்கு ஞாபகமில்லை. நீ சொன்ன எதுவும் என்னிடம் இல்லை சுகுணா, வார்த்தை மட்டும்தான் இருக்கிறது.

போன் அடித்தது. கருணாகரன், அவள் தம்பி, ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். மாமா, பூந்தமல்லி தாண்டிட்டேன், அக்கா எப்டி இருக்கா? இருக்காடா, என்றேன். சொல்லிவிட்டு அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டே நின்றேன். கண்ணு முழிச்சாளா மாமா? இல்லடா. டாக்டர் என்ன சொல்றாரு? பாக்கலாம்னு சொல்றாரு. நடுவில் சொன்னதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் யாரோ குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, கண்டக்டர் விசில் கேட்டது, வந்துட்றேன் மாமா, நீங்க எதாவது சாப்டுங்க, என்றான். முந்தாநாள் காலையில் நன்றாகத்தான் கிளம்பினாள். உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு, டைம் ஆச்சு என்று ஓடினாள். பதினோரு மணிக்கு மேல் ஒரு மெசேஜ், ஹெட் பெயினிங், கமிங். வருகிறேன் என்கிறாள் என்று நானும் இருந்தேன். அதற்குள் அவள் ஆபீஸ் பெண் ஒருத்தி போன் பண்ணினாள், சார், சுகுணா மேடம் சீட்லயே சாஞ்சுட்டாங்க, நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க உடனே வாங்க. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஒரு பந்து ஊதுகிற மாதிரி பல நாளாக ஊதிக்கொண்டிருந்திருக்கும், தெரிந்திருக்காது என்றார்கள். பல நாளாக. நாங்கள் மகாபலிபுரம் போனபோது, ஃபிரிட்ஜ் மாற்றியபோது, கரண்ட் போன அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து பலாப்பழம் தின்றபோது, அது அங்கேயே இருந்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் தலையை என் தோளில் சாய்த்தபோது அதுவும் சேர்ந்து சாய்ந்திருக்கிறது. இதை யோசிக்கக் கூடாது. டாக்டரை யோசி. டாக்டருடைய இங்கிலீஷை யோசி.

நேற்று மாலை அவர் என்ன சொன்னார்? யெஸ்டர்டே நைட் பிபி இஸ் லோ, நவ் இட்ஸ் ஓகே. நன்றாக ஞாபகம் இருக்கிறது, யெஸ்டர்டே என்று ஆரம்பித்து இஸ் என்று முடித்தார். தப்பு. பச்சைத் தப்பு. நடந்து முடிந்ததை நடக்கிறதாகச் சொன்னவர், நடக்கிறதை நடந்து முடிந்ததாகச் சொல்லமாட்டாரா? இந்த ஒரு பிழையை நான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மத்தியானம் வரைக்கும் அது போதுமாக இருந்தது. அப்புறம் லிஃப்ட் திறந்து அவர் திரும்ப வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் மகன் ஓடிப்போய் நின்றான், அவன் அம்மா உள்ளே இருக்கிறாள். அவனிடம் நின்று பேசினார். ஷி இஸ் மச் பெட்டர் நவ், ஷி வாஸ் டல் யெஸ்டர்டே, டுமாரோ ஷி வில் பி ஷிஃப்டட் டு வார்டு. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. நேற்றைக்கு வாஸ், இன்றைக்கு இஸ், நாளைக்கு வில். என் மேஜைக்கு வந்தால் கை வைக்க வேண்டியிருக்காது. அந்த மகன் பெரியவரைத் தட்டி எழுப்பி, அப்பா, அம்மாவை வார்டுக்கு மாத்தறாங்களாம்பா, என்றான், பெரியவர் தூக்கம் கலையாமலே கையெடுத்துக் கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. அப்படியென்றால் அவருக்குக் காலம் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

உட்கார முடியாமல் கீழே டீ கவுண்டருக்குப் போனேன். படி இறங்கும்போது கால் மரத்திருந்தது. அங்கே தூணுக்கு அந்தப் பக்கம் அதே டாக்டர், தனியாக, பேப்பர் கப்போடு, போனில் யாரோ நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே டீயை மெதுவாக வாங்கினேன், சர்க்கரை போதாது என்று இன்னொரு தரம் கேட்டேன், காது அங்கேயே இருந்தது. மச்சி, லாஸ்ட் வீக் ஒன்லி ஐ ஆம் டெல்லிங் யூ, அவன் டோன்ட் நோ எனிதிங் டா, ஷி வாஸ் வெரி நைஸ் கேர்ள் மச்சி, நெக்ஸ்ட் மந்த் மேரேஜ், யூ கேம் ஆர் நாட்? ஷி வாஸ் வெரி நைஸ் கேர்ள். அடுத்த மாசம் கல்யாணம்! உயிரோடு இருக்கிற, கல்யாணம் ஆகப்போகிற ஒரு பெண்ணை அவர் வாஸ் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே வந்திருக்க வேண்டும், டீ போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். சுகுணா, நீ சொன்னதுதான் சரி, பேச்சில் ஒன்றும் கிடையாது, அது இஷ்டத்துக்குப் போகிற மாடு. பதினெட்டு வருஷம் நான் வேலி கட்டிக்கொண்டிருந்தேன், மாடு பாட்டுக்கு வயலில் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. படியில் இரண்டிரண்டாக ஏறினேன். இரண்டு பிஸ்கட் தின்றேன், அவை ருசித்தன. கண் விழித்ததும் இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக்கூடக் கோத்துக்கொண்டேன். உன்னை ஒருத்தர் வாஸ்னு சொல்லிட்டாரு, அரை நாள் நான் செத்தேன். அவள் சிரித்தால் இடது கன்னத்தில் விழுகிற அந்தக் கோடு தெரிந்தது. வாயில் குழாய் இருக்கிறது, உடனே சிரிக்க முடியாது, பரவாயில்லை, கண்ணால் சிரிப்பாள்.

தணிகைவேல் சார் யாருங்க, என்று கதவைத் திறந்து கேட்டார்கள். உள்ளே ஒரு சின்ன அறை, மேஜையில் டிஷ்யூ பெட்டி. பெரிய டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார், நரைத்த கூந்தல், நெற்றியில் சின்னதாக விபூதி. பக்கத்தில் இளம் டாக்டர் நின்றார், இப்போது போன் கையில் இல்லை, முகம் முழுசாகத் தெரிந்தது, ரொம்பச் சின்னப் பையன். உக்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா, என்றார் டாக்டரம்மா. கூட யாராவது வந்திருக்காங்களா? மச்சான் வந்துட்டிருக்கான் மேடம். அவர் தமிழில்தான் பேசினார், நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி. அவங்க மூளை முழுசாவே செயல் இழந்துடுச்சு சார். மூச்சு மெஷின்தான் குடுக்குது. மெஷின் குடுக்கறதாலதான் இதயம் துடிக்குது. மத்தியானம் ஒரு டெஸ்ட் பண்ணிட்டோம். சாயங்காலம் இன்னொரு தடவை பண்ணணும், அது சட்டம். ஆனா அதுல எதுவும் மாறும்னு நீங்க நெனைச்சுட்டு இருக்கக் கூடாது, அதனாலதான் இப்பவே கூப்பிட்டேன். நான் தலையாட்டினேன். எல்லாம் புரிந்தது. திருத்துவதற்கு எதுவும் இல்லை. பிறகு நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை, அந்தப் பையனைப் பார்த்து, காலைல என்கிட்ட ஷி வாஸ் அ ஸ்ட்ராங் லேடின்னு சொன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா, என்றேன். அவர் திகைத்து டாக்டரம்மாவைப் பார்த்தார். நானா சார்? இல்ல சார், காலைல இன்னும் டெஸ்ட்டே பண்ணலையே. நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகம் இல்ல சார். சும்மா வாய்ல வந்திருக்கும். கண் கலங்கி, சாரி சார், என்றார். பரவால்ல தம்பி, என்றேன். நான் நம்பியது சரிதான், அந்த வார்த்தையில் ஒன்றுமே இல்லை. சும்மா வாயில் வந்தது. அதில் ஒன்றும் இல்லாமலேயே அவள் போய்விட்டிருக்கிறாள், அல்லது போய்க்கொண்டிருந்திருக்கிறாள், நான் டீக்கு இன்னும் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தபோது. இஸ் என்று அவர் சொல்லியிருந்தாலும் இந்த அறை இங்கேதான் இருந்திருக்கும், இந்த டிஷ்யூ பெட்டியும். காலை முழுக்க நான் காவல் காத்தது ஒரு காலி வீட்டை.

அவர்கள் போன பிறகு நஸ்ரீன் என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண் வந்தாள். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உறுப்பு தானத்தைப் பத்திக் கேக்கறது என் வேலை சார், இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல, வேண்டாம்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, என்றாள். கிட்னி, ஈரல், கண். அவங்க கண்ணாடி போடுவாங்களா சார்? படிக்கும்போது மட்டும் போடுவா, என்றேன். தலைமேல ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவா. அவள் சிரிக்கவில்லை, நல்லவேளை. கருணாகரன் வந்தான். வெயிலில் வந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் சொன்னேன். எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்று தெரியாது, அவன் படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அக்கா, அக்கா, என்று மட்டும் சொன்னான். அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நானும் படியில் உட்கார்ந்தேன், எங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ரொம்ப நேரம் கழித்து, அந்தப் பொண்ணு கேட்டதுக்கு என்னடா சொல்றது, என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்க என்ன சொல்றீங்களோ அதான் மாமா, என்றான். குடுத்துடலாமாடா? குடுத்துடலாம் மாமா. அவ்வளவுதான் பேசினோம். அதில் எனக்கு நிம்மதியோ பெருமையோ வரவில்லை. வரும் என்று நஸ்ரீனும் சொல்லவில்லை.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். மெஷின் மூச்சு விட்டது, அவள் நெஞ்சு ஏறியது, இறங்கியது. கன்னத்தில் பிளாஸ்திரி. காலைத் தொட்டேன், சூடாக இருந்தது. ஒரு நர்ஸ், சின்னப் பெண், கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு, கையில் பவுடர் டப்பாவோடு வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அக்கா, ஒரு நிமிசம்க்கா, திருப்பிப் படுக்க வைக்கேன், என்றாள் சுகுணாவின் காதருகில் குனிந்து. பிறகு என்னிடம், தோளை மட்டும் பிடிச்சுக்கிடுங்க சார், ஒரே பக்கமா கெடந்தா முதுகு செவந்துரும், என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். தலை என் முன்கையில் சாய்ந்தது, குழாய் இழுபடாமல் நர்ஸ் பார்த்துக்கொண்டாள். முதுகில் பவுடர் போட்டு, சுருக்கம் இல்லாமல் விரிப்பை இழுத்துவிட்டாள். இவங்க வீட்டுல எந்தப் பக்கம் படுப்பாங்க சார், என்று கேட்டாள். இடது பக்கம், என்றேன். செரி சார், அப்ப அப்படியே வெச்சிருவோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளை மெதுவாக இடது பக்கம் திருப்பினோம், காலை மடக்கி, முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்து, போர்வையைத் தோள்வரைக்கும் இழுத்துவிட்டோம்.